கடல் கடக்கும் வாலிபரும் மணலில் எழுதிய இருவரும்



நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த பதினொரு பேர், வரும் மே மாத விடுமுறையில், இரண்டு வாரத் தொண்டுக்காக இலங்கையின் வடபகுதியிலுள்ள ஒரு சபைக்கும் அதனோடு இணைந்த பள்ளிக்கும் செல்ல இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்காக மனமுவந்து காணிக்கை கொடுத்தவர்களும் நீங்களே. இவ்வாரத் தியானத்தை அவர்களை முன்னிட்டே எழுதுகிறேன். ஆனால் அனுப்புகிற நம் எல்லாருக்கும் இது உரியது.

கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபை மண்டபத்தில் ஆயத்தக் கூடுகை நடந்தது. கொண்டுபோக வேண்டியவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். உடைகள் நிறைந்த மூட்டைகள், எழுதுபொருள்கள், பள்ளிச் சுவர்களுக்குப் பூச வண்ணம், பிள்ளைகளுக்கு நடத்திக் காட்ட ஒரு நாடகம் என்று பலகை நிறைந்தது. அப்போது கல்லூரியில் முதலாண்டு பயிலும் ஒரு மகள் எழுந்து, “ஐயா, இவையெல்லாம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களா?” என்றாள்.

மண்டபம் அமைதியாயிற்று. அவர்கள் கேட்கவில்லை. நாமும் அவர்களிடம் கேட்கவில்லை. கடிதம் எழுதி நாள் குறித்தவன் நானே. ஆகவே அந்தக் கேள்வி முதலில் என்னையே தைத்தது. அன்று ஜெபித்துக் கலைந்தோம். ஆனால் அக்கேள்வி என்னை விட்டு விலகவில்லை. அதற்கு விடை தேடி, நம் கரையின் பழைய வரலாற்றைத் திரும்ப வாசிக்கத் தொடங்கினேன். அங்கே கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் துறைமுகத்திலிருந்து போனவர்கள்

கடல் கடந்து போவது காரைக்காலுக்குப் புதியதன்று. 1739-இல் இவ்வூர் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரெயூனியோன், மார்த்தினீக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கான தமிழர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களை அனுப்பிய துறைமுகங்களுள் நம்முடையதும் ஒன்று. போகும் ஊர் எப்படிப்பட்டது, அங்கே என்ன மொழி பேசுவர், திரும்பி வர வழி உண்டா என்பதை அறியாமலே பலர் ஏறினர். ஆயத்தம் செய்ய அவர்களுக்கு நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை.

நம் வாலிபருக்கோ கடவுச்சீட்டும் திரும்பி வரும் பயணச்சீட்டும் ஆயத்தம் செய்ய மூன்று மாதமும் இருக்கின்றன. விரும்பிப் போவதும் விரும்பியபோது திரும்புவதும் நமக்கு அருளப்பட்ட சிலாக்கியம். அதை அலட்சியமாகச் செலவிடலாகாது.

தரங்கம்பாடியில் இருவர்

நம் ஊரிலிருந்து வடக்கே நண்டலாற்றையும் பொறையாற்றையும் கடந்தால் தரங்கம்பாடி. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரம். ஞாயிறு மாலைகளில் நம் வாலிபர் இருசக்கர வாகனத்தில் போய்வரும் கடற்கரை அது. அங்கே 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் ஒரு டேனியக் கப்பல் வந்து நின்றது. முந்தைய ஆண்டு நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனை விட்டுப் புறப்பட்ட அக்கப்பலில், ஏழு மாதத்திற்கும் மேலாகக் கடலில் அலைந்து வந்த ஜெர்மானிய இளைஞர் இருவர் இருந்தனர். ஒருவர் பர்த்தொலொமேயு சீகன்பால்க், வயது ஏறத்தாழ 24. மற்றவர் அவரைவிடச் சில ஆண்டு மூத்தவரான ஹைன்ரிக் புளுட்சோ. அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்.

அரசரின் ஆணையோடு வந்தும் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. டேனிய வணிகக் கம்பெனியின் தளபதி அவர்களை விரும்பவில்லை. சில நாள் கப்பலிலேயே காத்திருந்து கரையேறியவர்கள், அன்று மாலைவரை கடைவீதியில் தங்குமிடமின்றி நின்றனர்.

அதற்குப் பின் அவர்கள் செய்த முதல் வேலையை நம் வாலிபர் கவனிக்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. ஆகவே உள்ளூர்த் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவருடைய பள்ளியைத் தாங்கள் தங்கியிருந்த வீட்டிலேயே நடத்தச் செய்தனர். ஆசிரியர் முதியவர். அவருக்கு முன்னே சிறுபிள்ளைகள் வரிசையாகத் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை வரைந்து, உரக்கச் சொல்லிப் படித்தனர். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று, குருப்பட்டம் பெற்று, அரசரால் அனுப்பப்பட்டவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் அமர்ந்து, அதே மணலில் தாங்களும் விரலை வைத்தனர்.

போதிக்க வந்தவர்கள் முதலில் ஏறியது மேடையில் அன்று. ஐந்து வயதுப் பிள்ளையோடு சேர்ந்து ‘அ’ எழுதிய அந்த மணலே அவர்களுடைய ஊழியத்தின் முதல் படி.

கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பனும் சீகன்பால்குக்குத் துணையானார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர் அவர். இரண்டே ஆண்டுகளில் சீகன்பால்க் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் எதைப்பற்றியது என்று பட்டியல் எழுதினார். 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய நூல்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொன்ன நீதிகள் இவை. இந்நாட்டாரை அறிவும் ஒழுங்கும் அற்றவர்கள் என்று எண்ணிக் கப்பலேறியவர் அவர். அவர்களுடைய நூல்களை வாசித்தபின் அவ்வெண்ணம் தவறென்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார்.

சீகன்பால்க் குறையற்றவர் அல்லர். கோபமும் பிடிவாதமும் உள்ளவர். 1708-ஆம் ஆண்டின் இறுதியில் தளபதியோடு மூண்ட பிணக்கில் டேனியக் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். எனினும் கற்றுக்கொள்வதை அவர் நிறுத்தவில்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1714-15-இல் தரங்கம்பாடியிலேயே அச்சிட்டு வெளியிட்டார். காகிதம் போதாமையால் பொறையாற்றின் அருகே காகிதப் பட்டறை ஒன்றும் எழுந்தது. கடுதாசிப்பட்டறை என்னும் ஊர்ப்பெயர் இன்றளவும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1719-இல், 36 வயதில், அவர் மரித்தார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கேட்டு எழுதிய கடிதங்கள்

வாலிபருக்குச் சொல்ல இன்னும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் அவருடைய உடன் ஊழியர் கிரண்ட்லரும் தமிழர் பலருக்குக் கடிதம் எழுதினர். உங்கள் வழிபாடு எத்தகையது, உங்கள் பள்ளிகள் எவ்வாறு நடைபெறுகின்றன, எங்களைப்பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டனர். வந்த பதில்களில் ஏறத்தாழ நூறு கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினர். அவை ஹாலே நகரில் அச்சாயின.

அப்பதில்கள் எல்லாம் புகழ்ச்சியாக இல்லை. உங்கள் மதம் நல்லதாயிருக்கலாம், ஆனால் உங்கள் நாட்டவர் குடிக்கிறார்கள், தூய்மை பேணுவதில்லை, அவர்கள் வாழ்க்கையைப் பார்த்தால் அம்மதத்தில் சேர மனம் வரவில்லை என்ற பொருளில் சிலர் நேருக்கு நேராகவே எழுதினர். தங்களைக் குற்றம் சாட்டிய கடிதங்களையும் மறைக்காமல், தங்களுக்குப் பணம் அனுப்புகிற மக்களிடமே அவர்கள் அனுப்பிவைத்தனர். கேள்வி கேட்பவன் தனக்குப் பிடிக்காத பதிலையும் கேட்க ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அனுப்பியவர்கள் எல்லாரும் இதை விரும்பினார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 1713-இல் சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களின் வழிமுறையை விளக்கி ஒரு பெரிய நூலை எழுதி அனுப்பினார். ஹாலேயில் இருந்த அவருடைய ஆசான் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அங்குள்ள சமயத்தை அகற்றத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது அவர் கருத்து. 1867-இல் சென்னையில் அது அச்சேறும்வரை 150 ஆண்டுக்கு மேல் அந்நூல் காத்திருந்தது.

கொடுக்கத்தானே அனுப்பினோம், கற்கவா அனுப்பினோம் என்று அன்றும் கேட்டார்கள். இவ்வாரம் நம் சபையிலும் அக்கேள்வியைச் சிலர் வாயிலாகக் கேட்டேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து தொண்டிக்கு

நம் வாலிபர் போகப்போகும் திசையைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வடஇலங்கைக்கு உதவி செய்யப் போகிறோம் என்று நாம் பேசிக்கொள்கிறோம். ஆனால் நூற்றிருபது ஆண்டுக்கு முன் உதவி எத்திசையில் சென்றது தெரியுமா?

1816 முதல் அமெரிக்க மிஷனெரிமாரின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் யாழ்ப்பாணத்தில் எழுந்தன. அவற்றால் பயன்பெற்ற குடும்பங்களின் மாணவர்கள் 1900-ஆம் ஆண்டளவில் ஒன்றுகூடி, தாங்களே ஓர் அயல்நாட்டு மிஷனெரி சங்கத்தை நிறுவினர். அவர்களிடம் பெருஞ்செல்வம் இருந்ததில்லை. பெற்றவர்களாகிய தாங்களும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே இருந்தது. கடலுக்கு அப்பால் தமிழகக் கரையில், இராமநாதபுரப் பகுதியைச் சேர்ந்த தொண்டிக்கு, அவர்கள் தங்கள் ஊழியரை அனுப்பினர். நம் கரைக்கு, அவர்கள் அனுப்பினர்.

1902-இல் ஒய்.எம்.சி.ஏ. ஊழியத்துக்காகத் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த 28 வயது வாலிபர் ஒருவர் யாழ்ப்பாணம் சென்றார். அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அந்த மாணவர் சங்கத்தின் வேலையை அங்கே கண்டபோது அவர் வெட்கமடைந்தார். திருநெல்வேலியில் பல்லாயிரம் கிறிஸ்தவர் இருந்தும் தம் எல்லைக்கு அப்பால் எவரையும் அனுப்பவில்லையே என்ற எண்ணம் அவரை வாட்டியது. ஊர் திரும்பியதும் நண்பரோடு ஆலோசித்தார். 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணமும் ஆட்களும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்கும் என்பது அதன் கொள்கை. மறு ஆண்டில் அதன் முதல் ஊழியர் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்குச் சென்றார். போனவரும் முதலில் தெலுங்கு கற்க வேண்டியவரானார். பின்னர் அசரியாவும் அங்கேயே சென்று, முப்பத்தைந்து வயதில் புதிய மொழியொன்றைக் கற்று, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

ஆகவே சகோதரரே, யாழ்ப்பாணத்து மாணவர் மூட்டிய விளக்கிலிருந்து நம் நாட்டு மிஷனெரி ஊழியம் ஒன்று சுடரேற்றிக்கொண்டது. நம் வாலிபர் அங்கே போவது தானம் செய்வதற்கு என்று எண்ணவேண்டாம். பழைய கடன் ஒன்றின் சிறு பகுதியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள்.

அசரியாவின் வாழ்விலிருந்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. வந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேல்நாட்டார். அங்கே அசரியா எழுந்து, மிஷனெரிமாரின் தியாகத்துக்கு முதலில் நன்றி கூறினார். பிறகு, அவர்கள் பொருளைக் கொடுத்தார்கள், உடலையும் கொடுத்தார்கள், ஆனால் இந்திய உடன் ஊழியரோடு நட்புக் கொள்ளவில்லை என்று துணிந்து சொன்னார். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்காக ஊழியம் செய்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் அமர்ந்து உண்ணாத நிலையைச் சுட்டிக்காட்டினார். அவர் கேட்டுக்கொண்டது நட்பு ஒன்றையே. மண்டபத்தில் சிலருக்கு அது கசந்தது. ஆனால் அம்மாநாட்டில் இன்றும் நினைவுகூரப்படுகிற உரைகளில் அது ஒன்று.

நாம் பெற்ற நாள்கள்

பெறுகிற இடத்தில் இருப்பது எத்தகையது என்பதை நம் கரையார் அறியாதவர்கள் அல்லர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆராதனை வேளையில் கடல் எழுந்தது. காரைக்கால் பகுதியில் மட்டும் நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அண்டையிலுள்ள நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

அடுத்த நாள் முதலே உதவி வந்தது. தூரத்து ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்களுக்காக இன்றும் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் சாலையோரங்களில் கொட்டிக் கிடந்த பழந்துணிக் குவியல்களையும் நாம் மறக்கவில்லை. கிழிந்தவையும் நம் மக்கள் உடுத்தாத வகையினவுமாக அவை மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்கின. எல்லாம் இழந்தவர்களாயினும் நம் மீனவக் குடும்பத்துப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. உழைத்து உண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்நாள்களில் வந்தவர்களில் நம் மனத்தில் தங்கியவர்கள் யார்? மூட்டைகளோடு வந்து படமெடுத்துத் திரும்பியவர்களை நாம் மறந்துவிட்டோம். கரையில் உட்கார்ந்து, இறந்த பிள்ளையின் பெயரைக் கேட்டவர்கள் நினைவில் நிற்கிறார்கள்.

அதை அறிந்த நாமே கரும்பலகையில் உடை மூட்டை என்று முதலில் எழுதினோம். கொடுக்கும் இடத்துக்கு மாறியவுடன் மனிதன் எவ்வளவு விரைவில் மறந்துவிடுகிறான்!

கேட்டோம், பதில் வந்தது

செவ்வாய்க்கிழமை அங்குள்ள போதகரோடு தொலைபேசியில் பேசினேன். எங்களிடமிருந்து உங்களுக்கு மெய்யாகவே என்ன தேவை என்று, முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். இதுவரை வந்த குழுக்களில் இப்படிக் கேட்டவர் குறைவு என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு அவர் கூறியவை இவை. பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூச அவர்கள் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்; நம் பிள்ளைகள் அதை இலவசமாகச் செய்தால் ஒரு குடும்பத்தின் கூலி போய்விடும். துணி வேண்டாம். மாலை வேளைகளில் பிள்ளைகளோடு அமர்ந்து கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். போரில் மக்களை இழந்த முதியவர்கள் சிலர் தனித்திருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்க ஆள் வேண்டும். முதல் மூன்று நாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் எங்கள் வீடுகளில் தங்கி எங்களோடு உண்ணட்டும் என்றார்.

ஆகவே திட்டத்தை மாற்றிவிட்டோம். வண்ணத்துக்கென ஒதுக்கிய தொகை, அங்குள்ள தொழிலாளர் அந்த வேலையைச் செய்வதற்கு அனுப்பப்படும். மூட்டைகள் போகவில்லை. வாலிபர் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கூடி, அங்குள்ள பள்ளிப் பாடநூல்களைப் படிக்கிறார்கள். அங்கும் தமிழ்தானே, கற்க என்ன இருக்கிறது என்று ஒருவன் கேட்டான். அங்கே பேசுவதைக் ‘கதைப்பது’ என்பார்கள், அழகை ‘வடிவு’ என்பார்கள் என்றேன். ஒரே மொழி என்பதனாலேயே எல்லாம் அறிவோம் என்று எண்ணிவிடும் ஆபத்து நமக்கு அதிகம். சீகன்பால்குக்குத் தமக்குத் தெரியாது என்பதாவது தெரிந்திருந்தது.

இம்மாற்றத்தைக் கேட்ட மூப்பர் சிலர் வருந்தினர். கையை வீசிக்கொண்டு போய் அவர்கள் வீட்டுச் சோற்றை உண்டு வருவதற்கா காணிக்கை கொடுத்தோம் என்று ஒருவர் கேட்டார். அவருடைய வருத்தத்தை மதிக்கிறேன். அவர் கொடுத்தது தம் ஓய்வூதியத்திலிருந்து. அவருக்கு என் பதில், லூக்கா 10-ஆம் அதிகாரத்தை இன்றிரவு மெதுவாக வாசியுங்கள் என்பதே. ஆண்டவர் எழுபது பேரை அனுப்பியபோது பணப்பையும் பயணப்பையும் எடுக்க வேண்டாம் என்றார். வீடு வீடாக மாறாமல் ஒரே வீட்டில் தங்கி, அங்கே பரிமாறப்படுவதை உண்ணச் சொன்னார். நோயாளிகளைக் குணமாக்குவது அதற்குப் பின்னரே வருகிறது. தம்முடையவர்கள் கொடுப்பவர்களாக நுழையுமுன் விருந்தினராக நுழைய வேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. பிறர் கையால் உண்டவன் அவர்களை இழிவாக எண்ண இயலாது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அவ்வழியே நம் பிள்ளைகள் போவார்கள். சில மணி நேரப் பயணமே. அந்த இருவர் ஏழு மாதம் கடந்த கடலையும், யாழ்ப்பாணத்து மாணவரின் ஊழியர் கடந்த கடலையும் கப்பலின் மேல்தளத்தில் நின்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த ஞாயிறு வாலிபர் சபையின் முன் வந்து நிற்பார்கள். கைவைத்து ஜெபித்து அனுப்புவோம். அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒன்று செய்ய வேண்டுகிறேன். சுனாமிக்குப் பின் உங்களிடம் வந்தவர்களில் யார் உங்கள் நண்பரானார், ஏன் ஆனார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். நான் கொடுக்கக்கூடிய ஆயத்தத்தைவிட அது சிறந்தது.

ஜெபம்: அனுப்புகிறவரும் உடன் வருகிறவருமாகிய ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்கள் கைகளை வெறுமையாக்கி, காதுகளைத் திறந்தருளும். அவர்களை ஏற்றுக்கொள்ளும் வீடுகளை ஆசீர்வதியும். போகிறவர்களும் வரவேற்கிறவர்களும் ஒரே பந்தியில் நண்பராக அமரச் செய்யும். கேட்க மறந்த எங்களை மன்னித்து, கேட்கத் தூண்டிய அந்த மகளுக்காக உம்மைத் துதிக்கிறோம். ஆமென்.